தண்ணீர்பட்ட பாடு

மின்சாரக் காற்றாடிகளை நடப்போவது மன்னார்க் கடலில். அதைப் பற்றிய கூட்டம் நடந்ததோ கொழும்பு வெள்ளவத்தையில். முதலீடு செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மன்னார்வரை போக நேரமில்லையாம். அதனால் மீனவர்களை ஏஸி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, மரைன் டிரைவில் ஒரு ஹோட்டலின் ஐந்தாம் மாடியில் குளிரக் குளிர உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் பளபளத்தது.

"இந்தக் கடலிலயே நட்டா என்னவாம்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"இஞ்ச நட்டா ஹோட்டல்காரற்ற வியூ போயிடுமெல்லோ!" என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரிப்புக் கிளம்பியது.

கொன்ஸ்ரன்ஸ் அந்தச் சிரிப்பை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் ஊர் மன்னார்ப் பக்கம் என்பது உண்மைதான்; ஆனால் அவள் அந்தப் பக்கம் போனதெல்லாம் மடு மாதா திருவிழாவுக்கு மட்டும். இந்த வேலைக்கு ஆள் தேடியபோது காற்றாடிக் கம்பனியின் மக்கள் தொடர்பு அதிகாரி ஷிப்லி, "அந்த ஊர்ப் பேச்சு வெளங்குமா மிஸ்?" என்று கேட்டான்.

"எங்கட அப்பாட ஊர். அந்தத் தமிழ் எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

தலைமைப் பொறியியலாளர் நதீஷா எதையும் மறைத்துப் பேசவில்லை. நாடு இருளில் கிடந்த அந்த மின்வெட்டு மாதங்களை நினைவூட்டினாள். நிலக்கரியும் டீசலும் வாங்கி வாங்கியே கஜானா ஓட்டையானதைச் சொன்னாள். கரையில் நட்டால் செலவு குறைவு, ஆனால் காணி போகும். கடலில் நட்டால் காற்று பலம், ஆனால் செலவு பல மடங்கு, மீன்பிடிக்கும் இடைஞ்சல். மின்சாரம் கரைக்கு வரக் கேபிள் புதைக்க வேண்டும். புதைத்த இடத்தில் எந்த வலையும் அடியில் உரசக்கூடாது.

"எங்கேயாவது வலிக்கத்தான் போகிறது. குறைவாக வலிக்கும் இடத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று ஆங்கிலத்தில் முடித்தாள். கொன்ஸ்ரன்ஸ் அதை அழகான தமிழில் சொன்னாள்.

மீனவர்களின் சார்பில் பிறெடி எழும்பினார். ஐம்பது தாண்டிய, தோள் அகன்ற மனிதர். மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"எங்கட பாட்டை எங்களிட்ட விட்டிடுங்கோ. மிச்சக் கடலில உங்கட காத்தாடியளை நடுங்கோ. நாங்கள் குறுக்க நிக்கமாட்டம்."

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. 'எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கடலில் நடுங்கள், குறுக்கே நிற்கமாட்டோம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதைப் பார்த்த மீனவர்கள், கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்து அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். கொன்ஸ்ரன்ஸுக்குப் பெருமையில் காது சூடானது.

சாப்பாட்டு நேரம். புரியாணித் தட்டோடு அவள் ஜன்னலோரம் நின்றாள். பக்கத்தில் பிறெடி மனைவியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓமப்பா, பாடு தப்பிச்சுது. கேபிள் வேற பக்கத்தால போகும்... கரைவலையை விக்கத் தேவையில்லை எண்டு தம்பியிட்டயும் சொல்லு... ஆர் சொன்னதோ? வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கைதட்டினவங்கள் எண்டுறன், பிறகென்ன!"

கரண்டி அவள் வாய்க்குப் போகாமல் நின்றது.

பாடு. கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டு. இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை இன்னாருடைய வலைக்கு என்று வகுத்த கரை. கஷ்டமும் இல்லை, தலைவிதியும் இல்லை. மணலும் கடலும் சேர்ந்த ஒரு இடம். "எங்கட பாட்டில மீன் பட்டா ஊரே கயிறு பிடிக்கும்" என்று அப்பா எத்தனையோ தரம் தொடங்கியிருக்கிறார். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டியிருக்கிறாள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஷிப்லியைத் தேடிப் பிடித்தாள். கேட்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது.

"யா அல்லாஹ்! கேபிள் ஏறப்போற எடமே அந்தக் கரைதான் மிஸ்."

"நான் போய் நதீஷா மிஸ்ஸிட்ட சொல்லப்போறன்."

"கொஞ்சம் பொறுங்க. சொன்னாப் பொறவு கேபிளை எங்க கொண்டு போறது? அங்கால பூநாரை வாற களப்பு இரிக்கு. பறவைக்காரங்க கோர்ட்டுக்குப் போவாங்க. அதையும் சுத்திப் போனா கடலுக்கடியில இன்னும் எவ்வளவு தூரம் கேபிள்! அந்தச் சல்லி யார்ட கரண்ட் பில்லில விழும்? ஒங்கட கொட்டாஞ்சேனை பில்லிலயும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, தண்ணிபட்ட பாடெண்டு."

அவன் மிரட்டவில்லை. சும்மாதான் சொன்னான். அதுதான் சுட்டது.

பின்னேரம் நதீஷா நன்றி சொன்னாள். சுவரிலிருந்த வரைபடத்தில் கை வைத்து, "உங்கள் சம்மதத்தோடு கோயிலுக்கு வடக்கே இந்த மணற்கரையில் கேபிளை ஏற்றுவோம்" என்றாள் ஆங்கிலத்தில். எல்லோரும் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார்கள். பிறெடியும் பார்த்தார், சிரித்த முகத்தோடு.

இப்போது சொல்லலாம். வாய் திறந்தால் போதும். ஆனால் இத்தனை பேர், எழுந்து நின்று கைதட்டிய அந்த வெளிநாட்டுக்காரர்கள், இனி யார் அவளைக் கூப்பிடப்போகிறார்கள்...

"உங்கட சம்மதத்தோட வேலை நடக்கும் எண்டு சொல்றா" என்றாள்.

மணற்கரையை விழுங்கிவிட்டாள். காலையில் சொன்னது பிழை. இது பொய். மறுபடியும் கைதட்டல் எழுந்தது.

கீழே பஸ் புறப்படத் தயாராக நின்றது. பிறெடி ஒரு கடதாசிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தார். "கட்டாக் கருவாடு, பிள்ளை. எங்கட பாட்டில பட்டது. வடிவா எடுத்துச் சொன்னியள். ஊர்ப் பிள்ளை எண்டா சும்மாவே!"

பொட்டலம் பாரமாக இருந்தது. அவர் பஸ் படியில் கால் வைத்துவிட்டார்.

"அண்ணை, ஏறாதேங்கோ."

அவர் திரும்பினார்.

"நீங்கள் சொன்னதை நான் சரியாச் சொல்லேல்ல. பாடெண்டா கஷ்டம் எண்டு நினைச்சிட்டன். நீங்கள் சம்மதம் எண்டு அவையள் விளங்கியிருக்கினம். கேபிள் உங்கட பாட்டிலதான் ஏறப்போகுது."

படியில் நின்ற ஒருவர் பெரிதாகச் சிரித்துவிட்டார். "கஷ்டத்தையோ எங்களிட்ட விடச் சொல்லிக் கேட்டது? அதை நாங்கள் கேக்காமலே அவங்கள் விடுவாங்கள்!"

பிறெடி சிரிக்கவில்லை. "அது பிழை, சரி. பின்னேரம் அந்த அம்மா படத்தில கைவைச்சுக் காட்டினவ. அதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கடலோரம் ஓடும் ரயிலின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாமா என்றுகூட மனம் ஓடியது. அந்த நேரம் ரயிலும் போகவில்லை.

"அது தெரிஞ்சு செய்தது, அண்ணை."

அவர் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பஸ்ஸின் எஞ்சின் நின்றது.

ஐந்தாம் மாடியில் வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் பிறெடியோடு நதீஷாவின் முன்னால் போய் நின்று, காலையில் விட்ட பிழையையும் பின்னேரம் சொன்ன பொய்யையும் ஆங்கிலத்தில் ஒன்றும் விடாமல் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நதீஷா வரைபடத்தை மேசையில் மறுபடி விரித்தாள்.

"சரி, அவர் சொல்லட்டும். யார் மொழிபெயர்ப்பது?"

கொன்ஸ்ரன்ஸ் பழக்கத்தில் ஒரு அடி முன்னே வைத்தாள். பிறெடி அவளைத் தாண்டி ஷிப்லியைக் காட்டினார்.

"இந்தத் தம்பி சொல்லட்டும். மிஸ் கொஞ்சம் இருக்கட்டும்."

சற்று முன்வரை பிள்ளை என்று கூப்பிட்ட வாய் அது. அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். "பாடெண்டா எங்க தொடங்கி எங்க முடியிது, அண்ணே?" என்று ஷிப்லி வாசகத்துக்கு வாசகம் நிறுத்திக் கேட்டான். பூநாரைகளைப் பற்றிப் பேச்சு வந்தது, செலவைப் பற்றி வந்தது, ஒருதரம் குரல்கள் உயர்ந்தன. எதுவும் முடிவாகவில்லை. நதீஷா மட்டும், தான் மன்னாருக்கு வந்து அந்தக் கரையில் நடந்து பார்க்கும்வரை கேபிளுக்கு இடம் குறிக்கப்போவதில்லை என்று சொன்னாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

படியிறங்கும்போது கொன்ஸ்ரன்ஸ் பொட்டலத்தை நீட்டினாள்.

"கருவாடு என்ன குற்றம் செய்தது?" என்றார் பிறெடி. "கொண்டு போங்கோ, மிஸ்."

காலி வீதி என்னும் பெருந்தெருவில் நூறாம் நம்பர் பஸ் நெரிசலாக வந்தது; ஏறிக்கொண்டாள். பம்பலப்பிட்டி தாண்டுமுன்னமே கருவாட்டு நாற்றம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். கண்டக்டர் நெரிசலுக்குள் தலையை நீட்டிச் சிங்களத்தில் கத்தினான். "காகேத மே கரவல?" யாருடைய கருவாடு இது?

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"மகே" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். என்னுடையது.

பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.