பலிபீடத்திலிருந்து ஊற்றுக்கு

சிங்கத்தைக் கொன்ற வீரன் ஹெராக்ளீஸின் பிள்ளைகள் எங்கள் மாரத்தான் ஊருக்கு வந்து ஜீயஸ் சாமியின் பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பன் செத்ததிலிருந்து ஆர்கோஸ் மன்னன் அவர்களைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்தான். பீடத்தைத் தொட்டிருக்கும்வரை யாரும் இழுக்கக் கூடாது. கையை எடுத்தால் போயிற்று. மன்னனின் தூதன் ஆட்களோடு எதிர் நிழலில் அத்திப்பழம் தின்றபடி காத்திருந்தான். எங்களை ஆளும் ஏதென்ஸ் நகரம் முடிவு சொல்லும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்று ஊர்ச்சபை சொல்லிவிட்டது.

கடைக்குட்டிக்குக் காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. அவனுடைய அக்கா தெயானோ என்னையே பார்த்தாள். நான் கம்பளி நூற்பவள். என் நூலுருண்டையை அவள் மடியில் போட்டேன். பீடத்தில் கட்டிய நூலைப் பிடித்திருப்பவர் பீடத்தையே பிடித்திருப்பதாகத்தான் எங்கள் வழக்கம்.

அவள் நூலைப் பீடத்தில் கட்டி, ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, உருண்டையைப் பிரித்துவிட்டபடியே ஊற்றுக்கு நடந்தாள்.

"சிங்கத்தைக் கொன்னவன் மக! ஆட்டு முடியைப் புடிச்சுக்கிட்டுப் போறா பாருங்கடா," என்றான் தூதன்.

"எங்கப்பா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"இல்லையே தாயி. அதான் பேசறேன்."

குடத்தை நிரப்பித் திரும்பும்போது நூல் ஒரு பாறையில் உரசி அறுந்தது.

தூதன் எழுந்தான். "சாமியே கைவிட்டுடுச்சு. புடிங்கடா!"

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஓடிப்போய் அறுந்த நூலின் பீடத்து முனையை ஒரு கையிலும் அவளுடைய முனையை மறு கையிலும் பிடித்துக்கொண்டேன்.

"நகரும்மா. நூல் அறுந்துபோச்சு," என்றான் தூதன்.

"அறுந்துபோகல. நடுவுல நான் இருக்கேன். இழுக்கணும்னா என்னைத்தான் இழுக்கணும்."

மாரத்தான்காரியின் மேல் கை வைத்தால் அங்கேயே சண்டை. அவனிடம் ஆறேழு பேர்தான். கூட்டத்திலிருந்து என் கணவர் நிக்கோன் கத்தினார்: "அடியே, விடுடி! ஊரையே மாட்டிவிடாதே!"

நான் விடவில்லை. நாங்கள் நடந்தோம்.

"அக்கா, வேகமா நடக்காதீங்க," என்று தெயானோ முணுமுணுத்தாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயந்து ஓடினா தண்ணி சிந்திடும்ல."

அவள் பீடத்தைத் தொட்டாள். பையன் குடித்தான். "அடுத்த தடவை படையோட வர்றோம்," என்று சொல்லிவிட்டுத் தூதன் கிளம்பினான். ஊரில் என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் கனத்தது. இந்தப் பிள்ளைகள் பிழைத்தால், அதற்காக எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாரெல்லாம் சாவார்கள்?

நிக்கோன் அருகே வந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் ஈட்டியைத் தேடி வீட்டுக்குப் போனார்.