சிட்டு என்ற பெயர் யாருக்கு

அக்காவுக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாளாம். அப்பா ஆசையாக வைத்தது. அடுத்துப் பிறந்த தங்கைக்கு யாரும் மெனக்கெடவில்லை. குட்டி என்றார்கள், அதுவே நின்றுவிட்டது.

சிட்டு வேலை பார்த்தது நாட்டின் இணையப் பெயர்களைப் பதிகிற அலுவலகத்தில். ஒரு முகவரியின் கடைசியில் நாட்டின் இரண்டெழுத்து வந்தால், அந்தப் பெயர் அங்கே பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டெழுத்துக்கு முன்னால் கிளைகள் உண்டு. வணிகத்துக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, தனி ஆட்களுக்கு ஒன்று. ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டு மல்லுக்கு நின்றால் தீர்த்துவைப்பது சிட்டுவின் பிரிவு. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று அம்மாவுக்கு மட்டும் விளங்கவேயில்லை. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல பேர் எழுதுறா" என்பாள்.

குட்டி எடுத்த எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கடைசியில் துணியில் தோள்பை தைத்து விற்க உட்கார்ந்தாள். கடைக்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்து, ஒவ்வொரு பையின் ஓரத்திலும் ஒரு சின்னப் பறவையைத் தைத்தாள்.

"ஏண்டி, என் பேரா கிடைச்சுது உனக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லா இருக்குல்ல?" என்று சிரித்தாள் குட்டி. அதோடு சரி.

பை விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில், வங்கி வரிசையில், அலுவலக லிப்டில் எங்கே திரும்பினாலும் யாரோ ஒருத்தியின் தோளில் அந்தப் பறவை. சிட்டுவுக்கு வயிறு எரிந்தது. தான் பெற்ற பட்டங்களும் வாங்கிய பதவி உயர்வும் ஒரு பைக்குச் சமமில்லாமல் போயிற்றே என்றிருந்தது. அம்மா போன் செய்தால் முதல் பேச்சே, "குட்டிக்கு இன்னொரு தையல் மெஷின் வாங்கணுமாம்." "நீ எப்படியிருக்கே" என்பது போனை வைக்கிற நேரத்தில் வரும், வராமலும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் விதி மாறியது. இனிமேல் கிளை வேண்டாம், பெயரை நேரடியாக இரண்டெழுத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஏதாவது ஒரு கிளையில் அதே பெயரை வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. பலர் கேட்டால், எவர் பதிவு பழையதோ அவருக்கு.

வணிகக் கிளையில் சிட்டு என்ற பெயர் தங்கையுடையது. அவள் விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. அக்கா அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தனி ஆட்களுக்கான கிளையைத் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதிவு எப்படி நடக்கிறது என்று பழகிக்கொள்வதற்காகத் தன் செல்லப்பெயரை அங்கே பதிந்திருந்தாள். ஆண்டுதோறும் தானாகப் புதுப்பித்துக்கொண்டு சும்மா கிடந்தது. குட்டி ஊசியைக் கையில் எடுப்பதற்குப் பல வருடம் முந்தைய பதிவு.

அன்றே அவளும் விண்ணப்பித்தாள்.

சொந்தக்காரர் விவகாரத்தை ஊழியர்கள் தொடக்கூடாது என்பதால் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"தங்கச்சியா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?" என்றார் அவர்.

"பேசணும்னு விதியில இல்லையே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கோப்பைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளினார். அந்த மனிதருக்கு யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. பழைய பதிவு அக்காவுடையது. பெயர் அவளுக்குப் போயிற்று. தங்கைக்கு, வணிகக் கிளையில் இருக்கிற நீளமான முகவரியே தொடரும் என்று பதில் போனது.

சிட்டுவுக்கு அன்று நன்றாகப் பசித்தது. நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வெற்றுப் பக்கத்தைப் போட்டாள். அந்தப் பெயருக்கு வரும் அஞ்சல் தன் பெட்டியில் விழும்படி வைத்தாள். அதுதான் வினையாயிற்று. கடையைத் தேடியவர்கள் சுருக்கமான முகவரியையே தட்டினார்கள்; கடிதங்கள் இவளுக்கு வந்தன. 'உங்கள் பையை என் மகள் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.' 'இவ்வளவு அழகாக எங்கே கற்றுக்கொண்டீர்கள், சிட்டு?' தன் பெயரைச் சொல்லி, தங்கையை மெச்சுகிறார்கள். படிக்கக்கூடாது என்று நினைப்பாள். காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் படித்து முடித்திருப்பாள். வாழ்நாளில் அவளுக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. பெயர்த் தகராறில் ஜெயித்தவர்கள்கூட நன்றி சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டி, அக்காவின் வீட்டுக்கு வந்தாள். விரல் நுனியில் பிளாஸ்திரி. செருப்பைக் கழற்றும்போதே, "நீதானாக்கா அது?" என்றாள்.

"ஆமா. என் பேரு. நான்தான் முதல்ல பதிஞ்சேன்."

"தெரியும்."

சண்டை போடுவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்த அக்காவுக்குக் கை ஒடிந்தது போலாயிற்று. "தெரிஞ்சும் ஏன்டி கடைக்கு வச்சே?"

குட்டி நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா வாசல்ல வந்து 'சிட்டு'ன்னு கூப்பிடுவாருல்ல? நானும் ஓடுவேன். 'உன்னை இல்லம்மா, அக்காவை'ம்பாரு. தினமும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். உன் பாவாடை, உன் மார்க்கு எதுமேலயும் எனக்கு ஆசை இல்லக்கா. அந்தப் பேர் மேலதான். இப்ப கடைக்கு வர்றவங்க என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க. போதும்னு இருக்கு."

சிட்டு இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் பொறாமை தனக்கு மட்டுமே சொந்தமான வியாதி என்று நினைத்திருந்தாள். தங்கை தன்னைவிட முந்தியே ஆரம்பித்திருக்கிறாள். அதிலும் ஒரு சின்ன எரிச்சல் வந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

"பேரை உனக்கு எழுதித் தரமாட்டேன்," என்றாள்.

"கேட்டேனா?"

"ஆனா அதைத் தட்டினா உன் கடை திறக்கிற மாதிரி வச்சிடுறேன். கடுதாசி எல்லாம் உனக்கே வரும். பேரு என்கிட்டதான் இருக்கும்."

"சரி. டீ போடு."

திங்கட்கிழமை காலை அலுவலகம் போகுமுன் சிட்டு அமைப்பை மாற்றினாள். சில வரிகள், ஒரு பொத்தான். வந்து குவிந்திருந்த கடிதங்களைத் தங்கைக்கு அனுப்பினாள். மாற்றம் இணையத்தில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றியபோது முகவரியைத் தட்டிப் பார்த்தாள். கடை வந்தது. முகப்பில் குட்டியின் முகம், பல்லெல்லாம் தெரிய. உள்ளுக்குள் சுருக்கென்றது. ஒவ்வொரு பையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனவள், போனை எடுத்தாள்.

"ஏய் குட்டி, அந்தப் பச்சைப் பையில ஜிப் கோணலா இருக்கு பாரு."

"தெரியும்க்கா. நேத்தே அது வித்துப்போச்சு," என்றாள் தங்கை.