எச்சரிக்கைக் குரல்: ஆம்

"மூணாவது போட்டி, ரெண்டாம் நாள், பதினோராவது குழி. முதல் அடி அடிக்கற டீ மேடை மைக்ல என்ன விழுந்துச்சோ அதை நான் கேக்கணும்."

ஒளிபரப்பு வண்டிக்குள் ஆறு திரைகள். ஆறிலும் புல். ஒலிப் பிரிவுத் தலைவர் காதிலிருந்ததைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ஹெட்போன். மனைவி பேசுவது காதில் விழாமலிருக்க வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

"வேலைக்குச் சேந்த அன்னிக்கு உனக்கு என்ன சொன்னேன்?"

"மைக் பதிவை மட்டும் கேக்கவே கூடாதுன்னு சொன்னீங்க."

"ஏன்னு சொன்னேனா இல்லையா?"

"ஆட்டக்காரங்க வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க, வெளிய போனா அவங்க மானம் போயிடும்னு சொன்னீங்க. கெட்ட வார்த்தை எனக்கும் நிறையத் தெரியும் சார். நான் தேடறது அது இல்ல."

ஹெட்போன் கதவைப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது. "நாளைக்கு சீசன் முடியுதும்மா. கடைசிப் பந்து குழியில விழுந்ததும் எல்லாத்தையும் அழிச்சிடுவோம். ஒரே ஒரு நாள். வாயை மூடிட்டு இருக்க முடியாதா உன்னால?"

"அதனாலதான் இன்னிக்குக் கேக்கறேன்."

பதினோரு ஊர், பதினோரு போட்டி, எட்டு மாதம். ஒவ்வொரு ஊரிலும் அதே மழித்த புல், அதே மணல் குழி, அதே லாட்ஜ் அறையில் அதே ஒழுகும் குழாய். கோல்ஃப் என்றால் என்னவென்று கல்லூரித் தோழிகள் கேட்டால், "பணக்காரங்க நடக்கறாங்க, நம்மாளுங்க பின்னாடி தூக்கிட்டுப் போறாங்க" என்பாள். பேச்சுக்காகச் சொன்னதில்லை. சித்தப்பா பை தூக்குகிறவர். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். "எங்க வீட்டுல ஒருத்தர்தான் கேடி, அதுவும் லைசென்ஸ் வச்ச கேடி" என்று அப்பாவே கிண்டல் செய்வார். அப்பாவுக்குப் பந்து பார்க்கிற வேலை. இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி மர ஓரத்தில் நின்று, காட்டுப் புல்லில் விழும் பந்தின் பக்கத்தில் ஒரு சின்னக் கொடியை நட வேண்டும். குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. அதற்குக் கிடைத்தது வண்டிக்குள் ஏசி போட்ட நாற்காலி.

அவள் வேலை, அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி தட்டுவது. நேரம், ஆட்டக்காரர், மட்டை, பந்து போன இடம். வரியின் கடைசிக் கட்டம்: எச்சரிக்கைக் குரல், ஆம் அல்லது இல்லை. பந்து கோணலாக ஆள் நிற்கும் பக்கம் போனால் அடித்தவரோ அவருடைய கேடியோ "ஃபோர்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். தலையைக் காப்பாற்றிக்கொள் என்று அதற்கு அர்த்தம். விதி அப்படி. ஆனால் வண்டிக்குள் அது கேட்காது. கேட்காததை எப்படி எழுதுவது என்று முதல் வாரம் அவள் கேட்டபோது, முன்பு அந்த நாற்காலியில் இருந்தவன் சிரித்தான். "கோணலாப் போனா 'ஆம்'னு போட்டுடு. கத்தாம எவன் இருப்பான்?"

போட்டாள். பதினோரு போட்டியிலும் போட்டாள். எச்சரிக்கைக் குரல்: ஆம், ஆம், ஆம்.

அதில் ஒன்று அப்பாவுக்குப் போட்டது.

மூன்றாவது போட்டியில், சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க மரத்தடியில் நின்றார் அப்பா. வெயிலுக்கு எதிரே வரும் பந்து கண்ணுக்குத் தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும். எலுமிச்சம்பழ அளவு, கல்லின் கனம். இடது கண். அவள் 'ஆம்' தட்டி அரை நிமிடம் கழித்து வாக்கி-டாக்கியில் யாரோ, "பதினொண்ணுல பந்து பாக்குற ஆள் விழுந்துட்டான்" என்றார்கள். யாரோ பாவம் என்று நினைத்தாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். அந்த ஒரு மடக்குத் தண்ணீரை இன்றைக்கு வரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அடித்தவனைக் கேடிகள் மாப்பிள்ளை என்பார்கள். மணமேடையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவன் போல எப்போதும் கசங்காத உடுப்பு. அன்றைக்கு முப்பதாவது இடத்தில் இருந்தவன் இன்றைக்கு முதல் இடம். வாசலில் இரண்டு ஆள் உயரப் படம். அவன் பையைத் தூக்குவது சித்தப்பா.

போன வாரம்தான் போட்டிக் கமிட்டியிடமிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா உறையைப் பிரிக்காமல் அவளிடம் நீட்டினார். "படிச்சவ நீதானே, படி."

ஆபீஸ் நடையில் எழுதியிருந்ததை அவள் வீட்டுப் பேச்சாக்கிச் சத்தமாகப் படித்தாள், ஒரு வரி வரும் வரை. 'ஒலிப் பிரிவின் பதிவேட்டின்படி, எச்சரிக்கைக் குரல் கொடுக்கப்பட்டுள்ளது.' அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? கஷ்டமான வார்த்தையா?"

மீதியையும் படித்தாள். குரல் கொடுத்ததாகக் கேடி எழுதித் தந்திருக்கிறார். குரல் கேட்டதாகக் காயம்பட்டவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனவே கவனக்குறைவு அவருடையது. அடுத்த சீசன் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. இருபத்திரண்டு வருடம் பந்து பார்த்த மனிதர், பந்து பார்க்கத் தெரியாதவர் என்று கடிதம் சொன்னது. அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போல.

"என் பதிவேடு சார் அது," என்றாள் ஹெட்போனிடம். "நான் காதால கேக்காம எழுதினது. அதை வச்சு எங்கப்பாவைக் கழட்டி விட்டுருக்காங்க. இப்ப வாயாலதான் கேக்கறேன். இல்லைன்னா எழுத்துல கேப்பேன், நீங்களும் எழுத்துல பதில் சொல்லணும்."

"டிகிரி படிச்ச புள்ளைங்களை வேலைக்கு வச்சா இதான்," என்று முனகிக்கொண்டே பொத்தான்களைத் தட்டினார். ஒலிபெருக்கியில் போடவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். அவர் தலையின் சூடு அதில் இருந்தது.

காற்று. செருப்பால் புல்லைத் தேய்க்கிற சத்தம். சித்தப்பா குரல்: "இடமிருந்து காத்து சார்." மட்டை வீசுகிற சீறல். பிறகு மாப்பிள்ளை பல்லைக் கடித்துச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை. சித்தப்பா மூச்சை உள்ளே இழுத்தார். "ஃபோ" என்று பாதி வந்தது. உடனே மாப்பிள்ளை குரல்: "வாயை மூடு. கேமரா இருக்கு."

வாயை மூடினார்.

அவள் திரையில் ஓடும் எண்களைப் பார்த்தாள். ஐந்து வினாடி. ஒரு மனிதன் குனிய, திரும்ப, தலையைக் கையால் மூட, மரத்துக்குப் பின்னால் போக, ஐந்து வினாடி தாராளம். அதன் முடிவில் சித்தப்பா சொன்னார்: "நல்ல அடி சார்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீங்க கேட்டிருக்கீங்களா இதை?"

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "பதிவேட்டை எழுதினவங்கதான் திருத்த முடியும். ஏன் தப்பா எழுதினேன்னு காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் கடைசிப் பந்து விழறதுக்குள்ள கமிட்டி ரூம்ல கொடுக்கணும். கொடுத்துட்டா இந்தப் பதிவை யாரும் அழிக்க முடியாது, திருத்தத்தோட சேந்து போகும். ஒரு நிமிஷம் லேட்டானாலும் காத்துல போச்சு."

"காரணம்னு என்ன எழுதறது?"

"உண்மைய எழுதினா உன் வேலை போகும். பொய் எழுதினா என் வேலை போகும்."

"அப்ப உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது சார்."

பை அறை வண்டிக்குப் பின்னால். சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்து, பல் துலக்குகிற பிரஷ்ஷால் மட்டையின் கோடுகளில் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பட்டதாரி. என்ன, ஏசி குளிருதா, வெயில் காய வந்தீங்களா?"

"கேட்டேன் சித்தப்பா."

"என்னத்த?"

"'நல்ல அடி சார்.'"

பிரஷ் நின்றது. வெளியே யாரோ பைகளை எண்ணிக்கொண்டு போனார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "கதவைச் சாத்து."

"சாத்த மாட்டேன்."

"ஏம்மா, வேணும்னா பண்ணேன்? என் கூடப் பொறந்தவரு அங்க நிக்கறாருன்னு எனக்குத் தெரியுமா? சீசன் முதல் நாளே மாப்பிள்ளை சொல்லிட்டான். என் பந்து கோணலாப் போகுதுன்னு நீ ஊரைக் கூட்டிக் கத்தாதே, ஆளுங்களுக்குக் கண்ணு இருக்கு, பாத்துப்பாங்கன்னு."

"அங்க நின்னது வேற யாராவதா இருந்தா பரவாயில்லையா?"

அவர் மட்டையைத் துணியால் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "ஆஸ்பத்திரியில காலைப் புடிச்சு அழுதேன். அண்ணன்தான் சொன்னாரு. நீ கத்தினேன்னு எழுதிக் கொடு, நான் கேட்டுச்சுன்னு சொல்றேன்னு. நானா கேக்கல. சத்தியமா நானா கேக்கல."

"எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"உனக்கு இந்த வேலை யாரு வாங்கிக் கொடுத்தா? அவன் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னு நான்தான் கேட்டேன். அண்ணன் பொண்ணு, டிகிரி படிச்சிருக்கு சார்னு. மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் தொல்லை. சின்ன வயதில் இவர் தோளில் உட்கார்ந்துதான் அவள் ஊர் பார்த்தாள். இவருடைய இரண்டு பிள்ளைகளும் அவளிடம்தான் கணக்குப் படிக்கிறார்கள்.

"மறக்கல சித்தப்பா," என்றாள். "பொய் எழுதின மூணு பேர் லிஸ்ட்ல நீங்களும் இருக்கீங்க. அப்பா இருக்காரு. நானும் இருக்கேன். அடிச்சவன் பேர்தான் எங்கயும் இல்ல."

பை அறை மேசையிலேயே படிவத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: 'நான் கேட்கவில்லை. கேட்டதாக எழுதினேன். எல்லா வரியிலும் அப்படித்தான் எழுதினேன்.' கையெழுத்துப் போட்டாள். சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கிக் கிழித்துவிடுவார் என்றுகூட நினைத்தாள். அவர் பிரஷ்ஷை எடுத்து விட்ட இடத்திலிருந்து தேய்த்தார். அப்போதே கொடுத்துவிடலாம் என்று போனால் கமிட்டி அறை பூட்டிக் கிடந்தது. நாளைக் காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று எழுதியிருந்தது.

கடைசிப் போட்டி சொந்த ஊரில்தான். மறுநாள் காலை வீட்டு டிவியில் முந்தைய நாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. சொம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழுந்தது. அம்மா துடைத்தாள். ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

"உன் சித்தப்பன் நேத்து வந்துட்டுப் போனான்," என்றார் அப்பா. "அந்தப் பேப்பரைக் குடு."

"எதுக்கு?"

"கிழிக்கறதுக்கு. வேற எதுக்கு? போன கண்ணு திரும்பி வருமா?"

"வராது."

"அப்புறம்?"

"உங்க மேல எழுதினது போகும்."

"அது எனக்கு வலிக்கல."

"எனக்கு வலிக்குதுப்பா. எழுதினது நான்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். முழுத் தலையையும் திருப்பித்தான் அவளைப் பார்க்க முடிந்தது. அவருக்கு இது தெரியாது. கடிதத்தில் 'ஒலிப் பிரிவு' என்று இருந்ததே தவிர, அதில் உட்கார்ந்திருப்பது தன் பெண் என்று அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. தாடையைத் தடவினார்.

"அப்படின்னா இன்னும் நல்லது," என்றார். "தம்பிக்காக மட்டும் சொன்னேன்னு நெனச்சேன். உனக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு பேர் பொழப்பு அது. பந்து போற வழியில ஒரு ஓரமா நின்ன என் பேர் போனா என்ன இப்ப?"

"அடுத்த சீசன் அங்க இன்னொருத்தர் நிப்பாருப்பா. அவன் அப்பவும் கத்த விடமாட்டான். நானும் 'ஆம்'னு தட்டிட்டே இருக்கணுமா?"

"ஊர்ல இருக்கறவன் எல்லாருக்கும் நீதான் காவலா?"

"ஊருக்கு இல்ல. என் கட்டத்துக்கு."

அப்பாவின் குரல் ஏறியது. "கமிட்டி என்னைக் கூப்பிடும்ல? வருவேன். குரல் கேட்டுச்சுன்னுதான் சொல்லுவேன். என் பொண்ணு பொய் சொல்றா, படிச்ச திமிருன்னு சொல்லுவேன். முகத்துக்கு நேரா சொல்லுவேன், பாத்துக்கோ."

"சொல்லுங்கப்பா. அதுவும் பதிவாகும்."

அறை விழுந்தது. கன்னத்தில் இல்லை, காதோரம் வழுக்கித் தோளில். தூரம் பிடிபடாத கை. அடித்த கையை அப்பாவே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. திரையில் மாப்பிள்ளை நடந்து வந்தான். பின்னால் சித்தப்பா, பையின் கனத்தில் ஒரு தோள் சரிந்து. யாரோ உற்சாகமாக, இந்த சீசன் இவருடைய சீசன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இவ்வளவு சொல்றாரே," என்றாள் அம்மா, டிவியைப் பார்த்தபடி. "சித்தப்பா பசங்களை நெனச்சியா?"

"நெனச்சேன்மா. ராத்திரி பூரா நெனச்சேன். கேட்டு முடிவு பண்ண நான் வரல. சொல்லிட்டுப் போகத்தான் இருந்தேன்."

தோள் எரிந்தது. பையை மாட்டிக்கொண்டாள், படிவம் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். பின்னாலிருந்து அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு தடவை. திரும்பினால் அவர் முகம் தெரியும். திரும்பவில்லை.

கடைசிப் பந்து விழ இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. நடந்தே போனாலும் அரை மணிதான். அவள் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள்.