பன்னிரண்டாவது பாட்டின் கடைசி முப்பது நொடி

எங்கள் கோதேராஸ் குழு மொத்தமே மூன்று ஆல்பம்தான் போட்டது. அதையே கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்ட ரசிகர்களுக்காக, வெளிவராத பாட்டுகளையும் சிங்கிள் தட்டுகளின் பின்பக்கத்துப் பாட்டுகளையும் ஒரு தொகுப்பாகக் கொண்டுவரக் கிளம்பியவள் ஹிமெனா. எங்கள் பாடகன் ஒஸ்மாரின் மகள். ஒலிப்பதிவுதான் அவள் தொழில். அப்பன் செத்தபோது அவளுக்கு ஒரு வயது. பழைய கேசட்டுகள் எல்லாம் கிதார்காரனான என்னிடம் இருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன்.

இந்த மாதிரித் தொகுப்பில் பாட்டைவிடப் பேச்சுக்குத்தான் மவுசு. பாட்டு முடிந்ததும் டிரம்காரன் தும்முவது, யாரோ பீட்சா கேட்பது, கெட்ட வார்த்தை, எதையும் வெட்டக் கூடாது. பதினோரு பாட்டில் அப்படியே விட்டேன். பன்னிரண்டாவதில் வெட்டினேன்.

"மாமா, இதுல மட்டும் பாட்டு முடிஞ்சதும் ஏன் டப்புனு நிக்குது?" என்றாள் ஹிமெனா.

"கேசட் தீந்துபோச்சும்மா."

"கேசட் தீந்தா இப்படி நிக்காது. இது கத்திரி வேலை. யார்கிட்ட கதை விடுறீங்க?" மாத்தே தேயிலைக் கோப்பையில் வெந்நீர் ஊற்றி என் கையில் திணித்தாள். "இதைக் குடிச்சிட்டு ஒழுங்கா சொல்லுங்க."

அது ஒஸ்மார் கடைசியாகப் பாடிய பாட்டு. தொண்ணூற்று நான்கு மார்ச், சனிக்கிழமை மதியம், என் வீட்டு கராஜ், அடைமழை. பாடிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன் பெல்லெக்ரினி சாலையில் லாரிக்கு அடியில் போனான். குழந்தைக்குக் காய்ச்சல், பெண்டாட்டி ஐதே போன் செய்து உடனே வா என்று பிடுங்கினாள், அதனால்தான் அந்த மழையில் பறந்தான் என்று எங்கள் ரொசாரியோ நகரம் முழுக்கப் பேச்சு. அவள் படித்துப் படித்துச் சொன்னாள், வராதே என்றுதான் சொன்னேன் என்று. யார் கேட்டார்கள்? மாமியார் அவள் முகத்தில் விழிக்காமலே செத்தாள். ரசிகன் ஒருத்தன் அவள் வீட்டுச் சுவரில் 'கொலைகாரி' என்று எழுதினான். பதினைந்து வயதில் ஹிமெனாவே, "நீ கூப்பிட்டதாலதானே அப்பா செத்தாரு!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். அன்று நான் அந்த மேஜையில்தான் உட்கார்ந்து தட்டிலிருந்த இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கேசட்டை அழித்துத் தொலைத்திருக்கலாம். அவன் கடைசிப் பாட்டாயிற்றே, மனசு வரவில்லை. ஹிமெனா கேட்ட அன்றும் அது என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பாட்டு முடிந்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம். பிறகு ஒஸ்மாரின் குரல்.

"எர்னான், ஐதே போன் பண்ணினாடா. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சாம். இந்த மழையில வராதே, அங்கேயே இருன்னு சொல்றா. இங்கயே இருந்துக்கட்டுமா?"

அடுத்தது என் குரல். "ஒரு சரணத்துக்கு நாலு மணி நேரம் உயிரை எடுத்துட்டே. கெளம்புடா. உன் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல."

"மழை கொட்டுதுடா."

"நனைஞ்சா கரைஞ்சிட மாட்டே. போ!"

கதவு சாத்தும் சத்தத்தோடு முடிந்தது. அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு விரட்டியது கோபத்தில். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது எதில்?

ஹிமெனா திருப்பிப் போட்டுக் கேட்டாள். மூன்றாம் முறை அம்மாவைப் பற்றிய இடத்தை மட்டும் கேட்டாள். பிறகு கேசட்டை எடுத்துக்கொண்டு, "எழுந்திருங்க. அம்மாகிட்ட போறோம்" என்றாள்.

ஐதே சமையலறையில் இறைச்சி அடைத்துச் சுடும் எம்பனாடாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு நின்றபடியே முழுவதையும் கேட்டாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. மகளிடம்தான் கேட்டாள்.

"இப்பவாவது நம்புறியா?"

ஹிமெனா அங்கேயே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஐதே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாதே. இருபத்தொம்பது வருஷமா நல்லாத்தான் வாயை மூடிட்டு இருந்தே. அப்படியே இரு." கையைத் துடைத்துவிட்டு மகளின் தலையைத் தடவினாள். "இதை ஆல்பத்துல அப்படியே போடு. ஒரு வார்த்தை வெட்டக் கூடாது."

போட்டோம். தொகுப்பு வந்த வாரத்திலேயே வசவு குவிந்தது எனக்கு. கொலைகாரன் என்று என் வீட்டுக் கதவிலும் எழுதிவிட்டுப் போனார்கள். தகும், அழிக்கவில்லை. ஆனால் இத்தனை பேரில் ஐதேயிடம் மன்னிப்புக் கேட்டு ஒருத்தனும் ஒரு வரி எழுதவில்லை. அவள் பேசாதே என்று சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு, நானும் இன்னும் கேட்கவில்லை.