தேடிப் போட்ட பூஜ்ஜியம்

நாட்டுக்கு மார்க் போட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேதி வந்தது எழுபத்தேழாம் வருடம் பிப்ரவரியில். பாடம் ஒன்றே ஒன்று, பெரியம்மை. வாங்க வேண்டிய மார்க் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் வாங்கினால்தான் பாஸ் என்ற பரீட்சையை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. புதுச்சத்திரம் வட்டாரத்துக்குச் சுகாதார ஆய்வாளர். அது அரசாங்கம் கொடுத்த பெயர். ஊர் கொடுத்தது 'அம்மை குத்துறவர்'. என் சைக்கிள் தூரத்தில் தெரிந்தாலே பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். பதினோரு வருடம் அவர்களைத் துரத்தியதில் என் செருப்பும் தேய்ந்தது, பொறுமையும் தேய்ந்தது. இன்றைக்கும் என் மனைவி என்னிடம் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடமாக நாட்டில் பெரியம்மை இல்லை. ஆனால் இல்லை என்று நாமே சொல்லிக்கொண்டால் போதுமா? உலகம் நம்ப வேண்டும். அதற்காகத்தான் பல தேசத்து டாக்டர்கள் ஏப்ரலில் வருகிறார்கள். அவர்கள் நினைத்த ஜில்லாவுக்குப் போவார்கள், நினைத்த கதவைத் தட்டுவார்கள். ஒரே ஒரு நோயாளி கிடைத்தாலும் அறுபது கோடிப் பேர் மானமும் கப்பலேறிவிடும். அந்த ஒருவர் என் வட்டாரத்தில் இருந்து தொலையக் கூடாதே என்பதுதான் என் கவலை. நாட்டுப்பற்று என்று இப்போது பீற்றிக்கொள்ளலாம். உண்மையில் முக்கால்வாசி பயம்.

மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு நாள் ஆலங்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் முகம் அச்சடித்த அட்டை ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிக் காட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"கண்ணுகளா, யாரூட்டுலயாச்சும் இந்த மாதிரி பெரியம்மை வந்திருக்குதா?"

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். நல்லம்மாள் என்று பெயர்.

"எங்கூட்டுக்குப் பெரியம்மா வந்திருக்குதுங்க."

என் காதில் பெரியம்மை என்றுதான் விழுந்தது. பள்ளிக்கூடமோ கொல்லென்று சிரித்தது. வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பெரியம்மை இல்லீங்க, பெரியம்மா! இவங்கம்மாளுக்கு அக்கா. பனமரத்துப்பட்டியில இருந்து வந்திருக்குதுங்க."

பிழைத்தேன் என்ற சந்தோஷத்தில் நான் மற்றவர்களைவிட அதிகமாகவே சிரித்தேன். சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்து ஆலங்காட்டுக்கு நேராக ஒரு பூஜ்ஜியம் போட்டேன்.

புளியமரத்தடியில் சைக்கிளை எடுக்கும்போது நல்லம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள். எல்லோரும் சிரித்ததில் முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க, அந்த அட்டைய இன்னொருக்காக் காட்டுங்க."

காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க பெரியம்மா மூஞ்சியும் இந்தாட்டந்தானுங்க இருக்குது. எந்திரிக்கவே மாட்டேங்குது. மருந்து வெச்சிருக்கீங்களா?"

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மிதித்தேன்.

காட்டுக்கு நடுவில் அஞ்சு வீடு சேர்ந்த ஒரு வளவு, அதில் கடைசி வீடு. நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நல்லம்மாளின் அம்மா குப்பாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"செருப்ப அங்கியே உடுங்க. ஆத்தா வெளையாடற ஊடு."

"ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறேன் அம்மிணி."

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஊசி கீசின்னா ஆத்தா கோவிச்சுக்குவா."

உள்ளே இருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "உடு குப்பாயி. வந்தவரு பாத்துட்டுப் போகட்டும்."

அதுதான் பெரியம்மா, பாவாயி. முப்பத்தைந்து வயது இருக்கும். வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். முகம் நிறையக் கொப்புளம். சின்னம்மை என்றால் நெஞ்சிலும் முதுகிலும்தான் அதிகம் இருக்கும். உள்ளங்கைக்கு அநேகமாக வராது. பெரியம்மை என்றால் முகமும் கையும் காலும், உள்ளங்கைகூட மிஞ்சாது. கையை விரிக்கச் சொன்னேன். வலது உள்ளங்கையில் மூன்று இருந்தன. மேல்கையில் அம்மை குத்திய தழும்பைத் தேடினேன். இல்லை.

"சின்ன வயசுல குத்திக்கலீங்களா?"

"குத்துறவரு வந்தாருங்க. நானு சோளக்காட்டுக்குள்ள ஓடிப்போயிட்டேன்."

அந்த வீட்டிலும் பக்கத்து நாலு வீட்டிலும் இருந்தவர்களுக்கு அம்மை குத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் பறந்தேன்.

எங்கள் டாக்டர் கந்தவேல் நல்ல மனிதர். ஆனால் மேலிடம் என்றால் அவருக்குத் தொடை நடுங்கும். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பேனாவை எடுத்துவிட்டார்.

"சின்னம்மைன்னு எழுதிருங்க நாச்சிமுத்து."

"நீங்க பாக்காமயேங்களா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது அதுவாத்தானுங்க இருக்கும். சந்தேகம்னு டில்லிக்கு அனுப்பிச்சமுன்னா ஜீப்பு ஜீப்பா வந்து எறங்குவாங்க. வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரம். உங்க பேரு, எம்பேரு, நாட்டுப் பேரு அத்தனையும் கெட்டுப்போயிரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதிகாரி என்றும் பார்க்காமல் மேசையில் பதிவேட்டைப் போட்டேன்.

"சார், பூஜ்ஜியத்துல ரெண்டு ரகம் இருக்குதுங்க. தேடிப் பாத்து, கெடைக்காம போட்டது ஒண்ணு. தேடாமயே போட்டது இன்னொண்ணு. காயிதத்துல ரெண்டும் ஒரே வட்டந்தான். ஆனா ஒண்ணுக்குள்ள நெசமாலுமே ஒண்ணுமில்லீங்க. இன்னொண்ணுக்குள்ள ஒரு பொம்பளை படுத்துக் கெடக்கறா. காலையில நானே அப்படி ஒண்ணு போட்டேன் சார். இதா பாருங்க. சிரிச்சுக்கிட்டே போட்டேன்."

அந்தப் பூஜ்ஜியத்தின் மேல் கோடு இழுத்து அடித்தேன். பக்கத்தில் 'சந்தேகம் 1' என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்தார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"டிரைவரைக் கூப்புடுங்க. நானும் வாரேன்."

ஆலங்காட்டுக்கு நாங்கள் திரும்பியபோது வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கொப்புளத்திலிருந்து கொஞ்சம் தோலும் நீரும் எடுத்து டில்லிக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதைச் சொன்னதுதான் தாமதம், குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆத்தா போட்ட முத்துங்க அது! முத்தக் கிள்ளி டில்லிக்குக் கொண்டுபோவீங்களா?"

எங்கள் பக்கத்தில் கொப்புளம் என்று யாரும் சொல்வதில்லை. முத்துதான். தானாக வாடி தானாக உதிர வேண்டும், அதுவரை கை படக் கூடாது. டாக்டர் கிருமி, நுண்ணோக்கி என்று என்னென்னவோ விளக்கினார். கூட்டம் அவரைப் பார்த்த பார்வையில் அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் உள்ளே போய்ப் பாவாயி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உலகத்து டாக்டருங்கல்லாம் நம்ம நாட்டுக்கு மார்க் போட வாராங்க அம்மிணி. பெரியம்மை நம்ம மண்ணுல இல்லைன்னு அவங்க எழுதிட்டா, இனிப் பொறக்கற கொழந்தைக்கு அம்மை குத்தவே வேண்டியதில்லீங்க. உங்களுக்கு வந்திருக்கறது எதுன்னு தெரியாம அதை எப்படிங்க சொல்றது?"

அவள் கையைத் தூக்கித் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அப்ப இந்த நாடே என்ற கையத்தான் பாத்துக்கிட்டு நிக்குதுங்களா?"

"ஆமாங்க."

"என்ற ஊட்டுக்காரருகூட இப்படிப் பாத்ததில்லீங்க." சிரிக்கப் பார்த்தாள், முகம் வலித்திருக்க வேண்டும். "உங்க பேரென்னங்க?"

"நாச்சிமுத்துங்க."

"குப்பாயி, பேருலயே முத்து வெச்சுக்கிட்டு வந்திருக்கறாரு பாரு. ஆத்தாதான் அனுப்பி உட்டிருக்கறா. ரெண்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டுக் கையை விரித்தாள்.

பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்த வளவைச் சுற்றிக் காவல் போட்டோம். டாக்டர் சொன்னபடியே ஜீப்புகள் வந்தன. சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பெரியவர்கள், "யாரு ரிப்போர்ட் கொடுத்தது?" என்று கேட்டார்கள். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். பேசாமல் முதல் பூஜ்ஜியத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். புதுச்சத்திரம் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போதெல்லாம், 'தாயே, சின்னவளாகவே இருந்துவிடு' என்று கும்பிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது. பெரியம்மை இல்லை, சின்னம்மைதான். டாக்டர் கந்தவேல் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆலங்காட்டுக்கு ஓடினேன். அம்மை இறங்கி, பாவாயிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகியிருந்தது. குப்பாயி கொடுத்த கம்மங்கூழை மூன்று சொம்பு குடித்தேன்.

ஏப்ரலில் வெளிநாட்டு டாக்டர் ஒருவர் நிஜமாகவே எங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டார். நெட்டையான ஆள். அதிகம் பேசவில்லை. கூடச் சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். நெட்டை டாக்டர் என் பதிவேடுகளை வரிசையாக வாங்கிப் புரட்டினார். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். இரண்டு வருடத்துக்கும் அதுவே. புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. பாதியில் நிறுத்தி ஒரு தாளை எடுத்து நாலு ஊர்ப் பெயர் எழுதினார். நாலுக்கும் தானே போய்ப் பார்க்க வேண்டுமாம்.

"நம்பலீங்க," என்று டாக்டர் கந்தவேல் என் காதில் முணுமுணுத்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

வந்தவர் மறுபடி புரட்டியபோதுதான் ஆலங்காட்டுக்கான பக்கம் வந்தது. அடித்த பூஜ்ஜியத்தின் மேல் அவர் விரல் நின்றது. யார் அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். எதையும் மறைக்கவில்லை. நான் சிரித்ததையும் சொன்னேன். பெரியம்மாவுக்கும் பெரியம்மைக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கிலீஷில் விளக்க முடியாமல் மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடு சொல்லி மாளாது. வெளிநாட்டு டாக்டர் சிரிக்கவில்லை. அம்மை கண்ட அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பாவாயி பனமரத்துப்பட்டிக்குத் திரும்பியிருந்தாள். ஜீப் போய் நின்றபோது வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் குந்தி உட்கார்ந்து அவள் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மங்கலாகத் தடம் இருந்தது. இந்த நோயைப் பற்றி முதலில் சொன்னது யார் என்று கேட்டார்.

"என்ற தங்கச்சி புள்ளைங்க. எனக்கு மருந்து கேட்டுச்சுங்க. இவரு தேடிக்கிட்டு வந்துட்டாரு."

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு அந்த நாலு ஊர்ப் பெயர் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் திரும்பினார். "வேற எங்கயும் போக வேண்டாம்னு சொல்றார். தப்பா எழுதினதை அடிச்சுக் காட்டுற ஆளோட பூஜ்ஜியத்தை நம்பலாமாம். இங்க நிஜமாவே தேடியிருக்காங்கன்னு எழுதிட்டார்."

டாக்டர் கந்தவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றேன். அழுகை அடங்கவே இல்லை. பதினோரு வருடத்தில் என்னை யாரும் நம்புகிறேன் என்று சொன்னதில்லை. பிள்ளைகள் ஓடினார்கள், பெரியவர்கள் கதவைச் சாத்தினார்கள், அதிகாரிகள் கையெழுத்தைச் சரிபார்த்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர் என் நாட்டை நம்புவதற்கு என் பதிவேட்டை நம்பினார்.

பாவாயி கடலை முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்து வந்தாள். அவள் முகத்தில் பயம்.

"ஏனுங்க அளுவறீங்க? என்னால பெயிலாப் போச்சுங்களா?"

"இல்லீங்க அம்மிணி," என்றேன். "நம்மள நம்பிட்டாருங்க."