மகாராணி நிற்க மாட்டாள்

சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் இடது காலை வைத்ததுதான் தாமதம், மகாராணி நகர்ந்துவிட்டாள்.

மறுபடியும்!

மரப்படியின் மேல் ஒற்றைக் காலில் தத்தி, எப்படியோ காலை உருவிக்கொண்டாள் சவாரி டீச்சர். "சனியனே! உனக்குப் போய் மகாராணின்னு பேர் வச்சேன் பாரு!"

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? போன வருடம் வேறொரு குதிரை தூக்கி எறிந்ததில் அவளுடைய வலது இடுப்பில் இரும்புத் தகடு. சவாரி செய்யலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காலைத் தூக்கிக் குதிரையின் முதுகைத் தாண்டிப் போட நேரம் பிடிக்கும். அதுவரை குதிரை கல் மாதிரி நிற்க வேண்டும். அதற்காகவே இந்தப் புதுக் குதிரையைத் தேடிப் பிடித்துத் தானே பழக்கினாள். ஒவ்வொரு நாளும் சமர்த்தாக நிற்கக் கற்றுக்கொள்ளும் மகாராணி, மறுநாள் காலையில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு வருவாள்.

வேலியோரம் நின்ற சவாரிப் பள்ளி முதலாளியம்மா பெருமூச்சு விட்டாள். "ஏற முடியாதவங்க பிள்ளைங்களுக்கு எப்படிம்மா சொல்லிக் கொடுப்பீங்க? பேசாம ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க."

"இன்னொரு தடவை பாருங்கம்மா."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று தீவன அறை வாசலிலிருந்து குரல் வந்தது. அவள் கணவன். லாயத்தில் தீவனப் பொறுப்பு அவனுக்கு. "இது தேறாது. விட்டுத் தொலையேன்."

சுர்ரென்று ஏறியது அவளுக்கு. சவுக்கை ஓங்கினாள்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

மகாராணி அவளைப் பார்க்கவே இல்லை. காதுகளை விறைத்துக்கொண்டு தீவன அறை ஜன்னலையே பார்த்தாள். பயந்த குதிரை கண்ட பக்கம் ஓடும். இவளோ ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் போகிறாள்!

டீச்சர் சவுக்கைத் தூர எறிந்துவிட்டு, கடிவாளத்தைத் தளர்த்தி, அங்கவடியைக் கையால் அழுத்தினாள். மகாராணி நேராக ஜன்னலுக்குப் போய் மூக்கை உள்ளே விட்டாள். நறுக் நறுக்கென்று சத்தம்.

நொண்டிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தாள் டீச்சர். ஜன்னல் கட்டையில் கேரட். பொடிப்பொடியாக, அழகாக நறுக்கியது.

"யாருங்க வச்சது?"

கணவனின் முகம் வெளுத்தது. "கேரட் வைக்கிறது ஒரு குத்தமா?"

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான். சாயந்திரம் நீ போனதும் அங்கவடியை அழுத்துவேன்... அப்படியே இங்க கூட்டிட்டு வந்து குடுப்பேன். ஆஸ்பத்திரியில ராப்பகலா கிடந்தவன் நான்டி. மறுபடி உன்னை அந்தக் கோலத்துல பார்க்க முடியாது."

"பார்க்காதே! கண்ணை மூடிக்கோ!" இத்தனை வருடத்து 'நீங்க' அந்த இடத்தில் செத்தது. "ராத்திரி என் இடுப்புக்குத் தைலம் தேய்ச்சுட்டே, 'நாளைக்கு நிப்பா பாரு'ன்னு சொன்னியே, அது எந்த வாய்?"



"சண்டையை வீட்ல வச்சுக்கங்க," என்றாள் முதலாளியம்மா. "இப்ப ஏறுவீங்களா, மாட்டீங்களா?"

டீச்சர் கணவனை விடவில்லை. "எந்தப் பக்கத்து அங்கவடியை அழுத்தினே?"

"இடது பக்கம்தான். எல்லாரும் ஏறுற பக்கம்."

அவள் மகாராணியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். மரப்படியைத் தரதரவென்று இழுத்து வலது பக்கம் போட்டாள். இடது பக்கத்தைத்தான் இந்த மனுஷன் கெடுத்து வைத்திருக்கிறான். இந்தப் பக்கம் குதிரைக்கு எந்தக் கெட்ட பாடமும் இல்லை. தகடு வைத்த காலைத் தூக்கவும் வேண்டாம், அதன் மேல் நின்றால் போதும். ஆனால் பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஏறியதில்லை. இடது கையால் கையெழுத்துப் போடுவது போல உடம்பே முரண்டு பிடித்தது.

வலது கால் அங்கவடிக்குள் போனது. மகாராணியின் ஒரு காது பின்னால் திரும்பியது. என்ன இது புதுசா?

"நில்லுடி."

ஒரு குளம்பு அசைந்தது. நின்றது. இடுப்பில் கத்தி இறங்கியது போல வலி. அந்த வலியின் மேலேயே ஏறி நின்று இடது காலை வீசினாள். சேணத்தில் உட்கார்ந்தாள்.

மகாராணி அசையவில்லை.

"திங்கக்கிழமை பிள்ளைங்க வர்றாங்க, டீச்சர்," என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா நடையைக் கட்டினாள்.

கணவன் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்தான்.

"கையை எடு."

எடுத்தான். "இறங்கறப்ப யாரு பிடிப்பா?"

"இறங்கினாதானே!" என்று குதிரையைத் திருப்பினாள்.