நேர்ந்துவிட்ட சேவல்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் தாவாரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், நான்கு வயது சாந்தினியை வீட்டுச் சேவல் பாய்ந்து கீறியது. நகம் வலது கண்ணுக்குச் சற்றுக் கீழே பட்டிருந்தது. கிளினிக்கில் மருந்து தடவி, ஊசி போட்டு அனுப்பினார்கள்.

சேவலை அறுத்துவிடலாம் என்றாள் சாந்தினியின் அம்மா பிரமிளா. அவள் கணவன் தர்மா ஒப்பவில்லை.

"அது முனியாண்டிக்கு நேந்துவிட்டது. திருவிழா வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"எப்ப நேந்தீங்க? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எல்லாத்தயும் சொல்லிட்டா செய்வாங்க?"

"புள்ள கண்ணு போயிருக்கும்."

"போகலல்ல? சாமி காப்பாத்திருச்சு லா."

தர்மா கோயில் வாசலை மிதித்தே வெகுகாலம் ஆகிறது. லாரி ஓட்டிவிட்டு வந்தால் கைப்பேசியோடு படுத்துவிடுவான். இருந்தாலும், நேர்ந்தது என்று சொல்லிவிட்ட பிறகு கத்தியை எடுக்க பிரமிளாவுக்குத் துணிவில்லை. சாந்தினியைப் பின்வாசல் பக்கம் விடாமல் கதவைப் பூட்டி வைத்தாள்.

அந்தச் சேவல் பிரமிளா வளர்த்த கோழி அடைகாத்துப் பொரித்தது. பிப்ரவரியில் வந்த சீனப் பெருநாள் வரை அவள் உள்ளங்கையில் சோறு கொத்தித் தின்றது. பிறகுதான் ஆளைக் கண்டாலே கழுத்து மயிரைச் சிலிர்க்கத் தொடங்கியது. யாரோ சீண்டுகிறார்கள் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டு ஸ்டானிஸ்லாஸ், விடியுமுன் கூவுகிறது என்று ஏற்கெனவே குறைப்பட்டவர். வேலியோரம் போய்க் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, எங்க சேவலக் குச்சியால குத்துறீங்களா?"

ஸ்டானிஸ்லாஸ் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "நானா? அதப் பாத்தா நான்தான் வீட்டுக்குள்ள ஓடுறேன். பெரிய போலீஸ் மாதிரி நிக்கிது. சனிக்கிழமயில மட்டுந்தான் எனக்கு நிம்மதி லா."

"சனிக்கிழம என்ன?"

அவர் குழாயை மூடினார். "சத்தம் இருக்காது. அவ்ளோதான். தர்மாகிட்ட கேளு மா."

சனிக்கிழமைகளில் பிரமிளா சித்தியவானில் பேரங்காடி வேலைக்குப் போய்விடுவாள்.

அவள் தர்மாவிடம் உடனே கேட்கவில்லை. சேவலின் கால்முள்ளை வெட்டிவிட்டால் ஆபத்து குறையும் என்று கிளினிக்கில் நர்ஸ் சொல்லியிருந்தாள். அதை வெட்டும் எண்ணத்தில், அந்தி சாயும் நேரம் கூண்டுக்குள் நுழைந்து சேவலின் மேல் குளிக்கும் துண்டைப் போட்டாள். முகம் மூடியதும் அது அடங்கியது. கால்களைப் பிடித்துத் திருப்பினாள். வெட்டுவதற்கு முள் இல்லை. இரண்டு காலிலும் மட்டமாக அறுபட்டிருந்தது. அறுத்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றி நூல் இறுகிய தடம். இறக்கைக்கு அடியில் ஆறிய வெட்டு.

முனியாண்டி கோயில் பூசாரி பத்துமலையைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"தர்மா நேந்துவிட்டானா? எப்போ? இங்க கொண்டாந்து மஞ்சத்தண்ணி தெளிக்கவே இல்லயே."

"முள்ள அறுத்திருக்கு அண்ணே."

"இரும்பு பட்டுருச்சா? அப்பன்னா சாமிக்கு ஆகாது மா. நேந்திருந்தாலும் ஆகாது."

"அப்ப அது?"

"வெறுங்கோழி."

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். "சேவச்சண்டைக்கு, சாபோங்குக்குக் கொண்டு போறீங்களா?"

சோற்றைப் பிசைந்த தர்மாவின் கை நின்றது. "யாரு சொன்னா? ஸ்டானிஸ்லாஸா?"

"சேவல் காலு சொல்லுச்சு. கத்தி கட்டத்தான முள்ள அறுத்தீங்க?"

"புள்ளயக் குத்தக் கூடாதுன்னு அறுத்தேன்."

"புள்ளயக் கீறுனது இந்த ஞாயித்துக்கிழம. அறுத்த எடம் எப்பயோ காஞ்சு கெடக்கு. முனியாண்டியயும் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா சண்ட பாக்க?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "வர்ற சனிக்கிழம ஒரு சண்ட மட்டும் பேசி வச்சிருக்கு. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் செய்" என்றான்.

பிரமிளா தூங்கிக்கொண்டிருந்த சாந்தினியின் கன்னத்துக் காயத்தைப் பார்த்தாள்.

மறுநாள் தர்மா லாரியை எடுத்துக்கொண்டு போன பிறகு ஸ்டானிஸ்லாஸை அழைத்தாள். அவர் பாராங் கத்தியோடு வந்து அறுத்துக் கொடுத்தார். கறி முற்றல், வேக நேரமானது. அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். மத்தியானம் பின்கதவைத் திறந்துவிட்டாள். சாந்தினி கோழிகளுக்கு நடுவே விளையாடினாள்.

மாலையில் தர்மா வந்தான். கூண்டைப் பார்த்தான். அடுப்பிலிருந்த கறியைத் தொடாமல், சார்டின் மீன் டின்னைத் திறந்து வைத்துச் சாப்பிட்டான்.